மூன்று முழத்துக்குக் கீழே

போன மே மாதம் ஊருக்குப் போகும்போது ஒரு சார்ட் பேப்பரைச் சுருட்டி எடுத்துப் போனேன். ஆறு மாதமாக வேலை முடிந்து வந்து ராத்திரிகளில் உட்கார்ந்து வரைந்தது. ஏழு அடுக்குப் பாதாளச் சிறை. கைவிட்டு முந்நூறு வருஷம் ஆனது. சுழல் படிக்கட்டு, சுவரில் சங்கிலி, தீவட்டி செருக வளையம், கடைசி அடுக்கில் பூட்டிய இரும்புக் கதவு என்று எல்லாம் இருந்தது. அக்கா பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இதை வைத்து ஒரு கதை விளையாட்டு நடத்துவதாகச் சொல்லியிருந்தேன். நான் கதை சொல்லிக்கொண்டு போக, அவர்கள் அதற்குள் ஆளாக இறங்கி நடப்பார்கள். இந்தக் கதவை உடைக்க முடியுமா, அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியுமா என்று சந்தேகம் வரும் இடத்தில் தாயக்கட்டையை உருட்டுவோம். அவ்வளவுதான் விளையாட்டு.

எங்கள் ஊர் ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில், மன்னார் வளைகுடாவைப் பார்த்த கரையில் இருக்கிறது. சாயங்காலம் மொட்டைமாடியில் பேப்பரை விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலைக்கும் நாலு சங்கை வைத்தேன். பெரியவனுக்குப் பதின்மூன்று வயது, சின்னவளுக்குப் பத்து. கொஞ்சம் தள்ளிக் கயிற்றுக் கட்டிலில் மாமா படுத்திருந்தார். அம்மாவின் தம்பி. இருபது வருஷத்துக்கு மேல் சங்கு குளித்தவர். ஆழத்துக்குப் போய்ப் போய்க் காது மந்தமாகிவிட்டது. ஆனால் அவர் கேட்க வேண்டாம் என்று நாம் நினைப்பது மட்டும் தெளிவாகக் கேட்டுவிடும்.

"எத்தன அடி தோண்டிருக்க மாப்ள?" என்றார்.

"நூத்தி இருவது அடி மாமா. ஏழு அடுக்கு."

"எங்கன?"

"நம்ம கடக்கரதான். பக்கத்துல ஒரு தீவுனு வச்சுக்கங்க."

எழுந்து உட்கார்ந்துவிட்டார். "உங்கக்கா வீட்டுக் கக்கூஸ் குழிக்கு மூணு முழம் தோண்டுறதுக்குள்ள தண்ணி ஊறி, இறக்குன உறை மெதந்து மேல வந்துச்சு. கொத்தனாரு மறுநாள் வரவே இல்ல. நீ என்னடான்னா நூத்தி இருவது அடியில ஆளுகள அடச்சு வச்சிருக்க. அவங்கெல்லாம் என்ன மீனா?"

பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். எனக்கு முகம் தொங்கிப்போனது. ஆறு மாத உழைப்பு. அதைவிடக் கஷ்டம், அவர் சொன்னது சரி என்பது. அந்தக் குழி தோண்டியபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். கலங்கிய தண்ணீரில் சிமெண்ட் உறை ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்ததை என் கண்ணால் பார்த்தேன். அப்படியிருந்தும் சிறை என்று வரைய உட்கார்ந்ததும் என் கை தானாகப் பாறையைக் குடைய ஆரம்பித்துவிட்டது.

யாருடைய பாறை அது என்று யோசித்துக்கொண்டே அன்றைக்குத் தூங்கவில்லை. சின்ன வயதிலிருந்து நான் படித்ததும் பார்த்ததும் விளையாடியதும் எல்லாம் குளிர்நாட்டுக் கோட்டைகள். மலை உச்சியில் கோட்டை, அதற்குக் கீழே குடைந்த அறை, ஈரம் கசியும் சுவர், பச்சைப் பாசி. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு விளையாட்டு இந்தப் பாதாள அறையை உலகம் முழுக்கப் பிள்ளைகளின் மேஜைக்குக் கொண்டுவந்தது. அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு, கம்ப்யூட்டரிலிருந்து செல்போனுக்கு, அங்கிருந்து என் சார்ட் பேப்பருக்கு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாதாளச் சிறைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'டன்ஜன்' பிரெஞ்சிலிருந்து போன வார்த்தை. அங்கே அதற்குப் பொருள் கோட்டையின் நடுவில் உயர்ந்து நிற்கும் பிரதான கோபுரம். கோபுரத்துக்குள் ஆட்களை அடைத்தார்கள், அப்புறம் அந்தப் பெயர் மெல்ல மெல்லப் படியிறங்கி நிலவறைக்கு வந்து சேர்ந்தது. மேலே இருந்ததுதான் கீழே போயிருக்கிறது. நானும் அதே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மணலுக்குள் இறங்கப் பார்த்திருக்கிறேன்.

பாசி என்று வேறு எழுதி வைத்திருந்தேன், 'பச்சைப் பாசி படர்ந்த சுவர்' என்று. எங்கள் கரையில் பாசி என்றால் கடலுக்குள் பெண்கள் முங்கி எடுத்து வருவது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, கடலடிப் பாறைத்திட்டில் கை கிழிய எடுத்துக் காயவைத்து விற்பது. சுவர் அழகுக்கு யாரும் பாசி வளர்ப்பதில்லை.

*

மறுநாள் விடியற்காலை மாமா பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அலை தொடும் இடத்திலிருந்து ஒரு நாற்பது ஐம்பது தப்படி தள்ளி, தாழம்புதர் ஓரமாக உட்கார்ந்து ஒரு சிரட்டையால் மணலை வழித்தார். ஒரு முழம் போனதும் மணல் கறுத்தது. இன்னும் கொஞ்சம் போனதும் குழியின் அடியில் கண் திறந்த மாதிரித் தண்ணீர் ஊறியது. தெளியும்வரை பொறுத்திருந்து சிரட்டையில் கோரிச் சின்னவளிடம் நீட்டினார். குடித்துப் பார்த்தாள்.

"உப்பே இல்ல தாத்தா!"

தனுஷ்கோடிப் பக்கம் போனவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல், அந்த மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பார்கள். மந்திரம் ஒன்றும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. உப்புத் தண்ணீர் நூற்றுக்கு இரண்டரை பங்கு கனம் கூடியது, அதனால் இரண்டும் லேசில் கலப்பதில்லை. கைபென் என்ற நெதர்லாந்துக்காரரும் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மன்காரரும் தனித்தனியே போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது: கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடி குறைந்தால், கீழிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். கரையோர ஊர்களில் மோட்டார் போட்டு உறிஞ்சி உறிஞ்சிக் கிணறு கைத்துப்போவது இதனால்தான். கைத்துப்போன கிணற்றைப் பழையபடி தேற்றுவது லேசான காரியம் இல்லை.

இந்தக் கணக்கை நான் வாயால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் தலைக்குள் சார்ட் பேப்பர் கிழிந்து வேறு ஒன்று எழ ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஊரில் பாதாளம் என்றால் தண்ணீர். சரி, அந்தத் தண்ணீருக்குள் பிடிவாதமாக ஒருவன் சிறை கட்டுகிறான் என்றால் என்ன ஆகும்?

*

கடலோரத்தில் சிறை கட்டியவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. வெனிஸ் நகரத்து அரண்மனையில் 'கிணறுகள்' என்று பொருள்படும் பெயரில் ஒரு வரிசைச் சிறையறைகள் உண்டு. பெயரைக் கேட்டால் பாதாளம் என்று தோன்றும். உண்மையில் தரைத்தளம்தான். காயல் மேல் நிற்கிற ஊரில் அதற்குக் கீழே எங்கே போவது? தரையோடு தரையாக வைத்து, ஈரத்தையே தண்டனையாக்கிவிட்டார்கள். நம் பக்கத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் இருக்கிறது. 1780இல் பொள்ளிலூர்ச் சண்டையில் ஹைதர் அலி படையிடம் பிடிபட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் கர்னல் பெய்லி கைதியாகவே 1782இல் இறந்துபோனார், அவர் பெயரில் அங்கே ஒரு நிலவறையைக் காட்டுகிறார்கள். காவிரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கைதிகளைக் கல்லில் பிணைத்துக் கழுத்தளவு தண்ணீர் விடுவார்கள் என்று கூட்டிப் போகிறவர்கள் சொல்வார்கள். கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் என்னை உட்கார வைத்தது ஆம்ஸ்டர்டாம் கதை. 1596இல் அங்கே ராஸ்ப்ஹவுஸ் என்று ஒரு திருத்தச்சிறை திறந்தார்கள். பிரேசில் மரக்கட்டையை அரத்தால் ராவிச் சாயப்பொடி ஆக்குவது கைதிகளின் வேலை. வேலை செய்ய மாட்டேன் என்று அடம்பிடிப்பவனை ஓர் அறையில் இறக்கி, தண்ணீரைத் திறந்துவிட்டு, கையில் ஒரு பம்பைக் கொடுப்பார்களாம். இறைத்துக்கொண்டே இருந்தால் உயிர். நிறுத்தினால் போச்சு. அந்தக் காலத்துப் பயணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி ஓர் அறை உண்மையிலேயே இருந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்படுகிறார்கள். கதையாகவே இருக்கட்டும். கடலைவிடத் தாழ்ந்த நிலத்தில், இறைத்து இறைத்தே நாட்டைக் காப்பாற்றிக்கொண்ட ஜனங்களின் கற்பனை வேறு எப்படிப் போகும்? அவர்கள் பயம் அவர்கள் சிறைக்குள் இருக்கிறது. என் பயம் என் பேப்பரில் இல்லை. எனக்கு உறைத்தது அந்த இடம்.

அன்றைக்கு மத்தியானம் பேப்பரைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் வரைந்தேன். சிறையின் பெயர் 'இறவை'. கிணற்றிலிருந்து இறைத்துப் பாய்ச்சும் விவசாயத்தை இறவை என்றுதானே சொல்வோம். அந்த வார்த்தையைச் சிறைக்கு வைத்தால் அதற்குள் இரவும் கேட்கிறது, இறப்பும் கேட்கிறது.

ஏழு அடுக்கு மூன்றானது. ஒவ்வொன்றும் 15 அடி. அதற்கு மேல் கிணறு இறைக்கும் ஓர் ஏற்றத்தால் வசதியாகத் தூக்க முடியாது என்று மாமா சொல்லிவிட்டார். நடுவில் வானம் தெரிகிற பெரிய கிணறு, சுற்றிலும் கொட்டடிகள். சுவர் முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல்; சுண்ணாம்பும் அதே கல்லைச் சுட்டு எடுத்தது. கம்பி கிடையாது. உப்புக்காற்றில் இரும்பு எத்தனை நாள் நிற்கும்? வைரம் பாய்ந்த பனஞ்சட்டம்தான் கதவுக்கும் கிராதிக்கும். கடைசி அடுக்கு இரும்புக் கதவையும் அழித்தேன், கொஞ்சம் வருத்தத்தோடு.

மூன்று அடுக்கிலும் ஏற்றம். துலாக்கட்டை மேல் ஏறி மிதிப்பவர் இருவர், தண்ணீர் மொள்ளும் சாலைப் பிடிப்பவர் ஒருவர். அடி அடுக்கில் இறைப்பது நடு அடுக்குத் தொட்டியில் விழும். அங்கிருப்பவர்கள் அதை மேல் அடுக்குக்கு ஏற்றுவார்கள். மேல் அடுக்கு அதைக் கடலுக்குத் தள்ளும். எட்டுச் சாமமும் ஆள் மாற்றி ஆள் மாற்றி. இங்கேதான் அந்தச் சிறையின் கொடுமை இருக்கிறது: மேலே இருப்பவன் சோர்ந்துபோனால் தொட்டி நிரம்பி வழிந்து கீழே இருப்பவன் தலையில் கொட்டும். கீழே இருப்பவனுக்கு மேலே இருப்பவன் முகம் தெரியாது, அவன் கால் துலாவில் நடக்கும் சத்தம் மட்டும் தெரியும். காவலுக்கு அதிகம் பேர் வேண்டியதில்லை. கடலே காவல்.

ஏற்றம் இருந்தால் ஏற்றப்பாட்டும் இருக்க வேண்டும். எத்தனை சால் இறைத்தோம் என்று எண்ணிக்கொண்டே பாடுவதுதானே அது. எண்ணிக்கை பாட்டாகப் போய்க்கொண்டிருக்கும், நடுநடுவே ஒரு சாமி பெயர், ஒரு ஊர் பெயர், ஒரு கிண்டல். என் சிறையில் ஒவ்வொரு நூறுக்கும் ஒரு பெயர் வரும். மேலே நிற்கும் காவலர்களுக்கு அது வெறும் கணக்கு. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், அந்தப் பெயர் எல்லாம் உள்ளேயே செத்துப்போனவர்களுடையது என்று. ஏட்டில் எழுதாத பெயர்கள். நூறு எண்ணினால் ஒருவர். சிறை பழசாகப் பழசாகப் பாட்டு நீண்டுகொண்டே போகும்.

*

"குடிக்கிறதுக்கு என்ன செய்வாங்க மாமா?" என்று சின்னவள் என்னிடம் கேட்டாள். சாயங்காலம், அதே மாடி.

பெரியவன் தலையில் அடித்துக்கொண்டான். "சுத்தி முழுக்கத் தண்ணிதானடி."

"அது உப்பால்ல இருக்கும்?"

எனக்குச் சட்டென்று கணைக்கால் இரும்பொறை ஞாபகம் வந்தார். சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடந்த சேர அரசர். தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறார். காவலர்கள் நேரம் கடத்திக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கையில் வாங்கிவிட்டுக் குடிக்காமல் உயிரை விட்டார் என்று புறநானூற்றின் 74ஆம் பாட்டுக்கான குறிப்பு சொல்கிறது. தமிழில் சிறை என்றதும் எனக்கு முதலில் வருவது சங்கிலி இல்லை, தாமதமாக வந்த அந்தத் தண்ணீர்தான். அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பெரியவனுக்கு அரசர் செய்தது முட்டாள்தனமாகப் பட்டது. "குடிச்சிட்டுத் தப்பிச்சிருக்கலாம்ல?" பதில் சொல்லத் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

ஆனால் அவள் கேள்வியை விட முடியவில்லை. தொடக்கத்தில் அந்தத் தீவிலும் மணலுக்கடியில் நல்ல தண்ணீர் மிதந்திருக்கும். இரவும் பகலும் இறைத்தால் அது போய்விடும். உப்பு ஏறி வரும். முதலில் சிறைக்குள் இருக்கும் ஊற்று கைக்கும். அப்புறம் தீவில் இருக்கும் மற்ற ஊர்களின் கிணறுகள், ஒவ்வொன்றாக. மீன் பிடிக்கிறவர்கள், பனை ஏறுகிறவர்கள், சுண்ணாம்பு சுடுகிறவர்கள் எல்லோரும் குடிதண்ணீருக்குப் படகு எடுத்துக் கரைக்குப் போக வேண்டும். உள்ளே யார் அடைபட்டிருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் எந்த வருஷம் எந்தக் கிணறு போனது என்று அந்தப் பெண்கள் விரல் மடக்கிச் சொல்வார்கள்.

இப்படி யோசிக்க ஆரம்பித்ததும் 'கைவிடப்பட்ட' என்ற வார்த்தையே மாறிவிட்டது. சிறையில் இறைப்பது நின்றது, தண்ணீர் ஏறியது. பல மழைக்காலம் போனது. ஊற்றுகள் மறுபடி இனித்தன. அந்தத் தீவின் ஜனங்களுக்கு அது பாழடைந்த இடம் இல்லை, பிழைத்து வந்த இடம். இப்போது நம் கதாநாயகர்கள் புதையல் ஆசையில் படகில் வந்து இறங்கி, சிறையை இறைத்து வற்றவைக்கப் போகிறார்கள் என்றால்? விளிம்பில் சிரட்டையோடு நின்று வழிமறிப்பது எந்த அரக்கனும் இல்லை. ஒரு இருபது கிழவிகள்.

கதையில் வில்லன் யார் என்று பெரியவனுக்குச் சொன்னபோது, "அப்ப நாங்களா?" என்றான். நிஜமாகவே கோபம் வந்துவிட்டது அவனுக்கு.

*

உள்ளே யாரை அடைப்பது என்பதற்கு நான் அதிகம் கற்பனை செய்யவில்லை. இந்தச் சீமையின் சரித்திரமே போதும். 1772இல் ராமநாதபுரம் கோட்டை விழுந்தபோது, முத்துராமலிங்க சேதுபதி சிறுவன். குடும்பத்தோடு பிடித்துத் திருச்சிராப்பள்ளியில் வைத்தார்கள். திரும்பி வந்து ஆண்டார். 1795இல் கம்பெனி அவரைப் பட்டத்திலிருந்து இறக்கி மறுபடி சிறையில் வைத்தது. 1809இல் சென்னையில் கைதியாகவே இறந்தார். கட்டபொம்மன் 1798இல் கலெக்டர் ஜாக்சனைப் பார்க்க வந்ததும், கைகலப்பாகி வெளியேறியதும் ராமநாதபுரத்து ராமலிங்க விலாசத்தில். அவர் தம்பி ஊமைத்துரை 1801இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். அடுத்த வருஷம் சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியில் கப்பல் ஏற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். திருச்சி, சென்னை, பாளையங்கோட்டை, பினாங்கு. எங்கள் ஆட்களை எங்கள் மண்ணுக்கு வெளியே கொண்டுபோய்த்தான் அடைத்திருக்கிறார்கள். இந்த மணலில் யாரையும் ரொம்ப நாள் பூட்டி வைக்க முடியாது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அது சரித்திரம் இல்லை, ஊர்ப்பாசம்.

அப்படியும் முழுக்கச் சொல்லிவிட முடியாது. பக்கத்து ஸ்டேஷன் பெயரே மண்டபம் கேம்ப். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளுக்கு நோய் இல்லை என்று உறுதியாகும்வரை தங்க வைத்த முகாம் அது. பின்னாளில் அங்கிருந்து ஓடிவந்தவர்களுக்கு அதுவே அகதி முகாம் ஆனது. அதைச் சிறை என்று யாரும் சொல்வதில்லை.

சேதுபதியின் சிறுவயதிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டேன். இறவையின் நடு அடுக்கில் ஒரு கொட்டடிச் சுவரில் கீறல்கள் இருக்கும். இடுப்பளவில் ஒன்று, அதற்கு ஒரு சாண் மேலே ஒன்று, இன்னும் மேலே ஒன்று. உள்ளே வளர்ந்த ஒரு பிள்ளையின் உயரம். கடைசிக் கீறல் என் தோளுக்கு வரும். அதற்கு மேல் இல்லை. ஏன் என்று நான் எழுதி வைக்கவில்லை.

கைவிட்ட கட்டடத்தில் என்னென்ன மிஞ்சும் என்பதிலும் பழைய பேப்பரில் பொய் சொல்லியிருந்தேன். சங்கிலி முந்நூறு வருஷம் தொங்குமாம், விளக்கு மாடத்தில் விளக்கு இருக்குமாம். எங்கள் ஊரில் ஒரு வீடு ஒரு வருஷம் பூட்டிக் கிடந்தாலே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் கம்பியும் தகரமும் பழைய இரும்புக் கடைக்குப் போகும். அப்புறம் கதவு நிலை. அப்புறம் ஓடு. சுவர்க்கல் யார் வீட்டுக் கிணற்றுக் கைப்பிடிச் சுவராகவோ மாறும். மிச்சத்தை ஆடு ஆண்டுகொள்ளும், சீமைக்கருவேலம் மூடிக்கொள்ளும். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. பாம்பனிலிருந்து போன ரயிலே ஆட்களோடு போனது. வாழத் தகாத ஊர் என்று அரசாங்கம் சொன்னது. ஆனாலும் இடிந்த மாதா கோயில் சுவருக்குப் பக்கத்தில் வலை உலர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆள் இல்லாத பாழிடம் என்று ஒன்றை நான் இந்தக் கரையில் பார்த்ததே இல்லை. அதனால் இறவையின் மேல் விளிம்பில் குடிசைகள் வைத்தேன், கருவாடு காயப்போட்டேன். கடல் பக்கச் சுவர் இடிந்து அலை புகுந்த முற்றத்தில் கடற்புல் வளரவிட்டேன். புல் இருந்தால் ஆவுளியா வரும்தானே. இருட்டுத் தண்ணீரில் முங்கிப் போகிற பிள்ளைகள் மூச்சு முட்டித் தலையை வெளியே நீட்டும்போது, அதே இடத்தில் 'புஸ்' என்று ஒரு கடற்பசுவும் மூச்சு விட மேலே வரும். டிராகன் வேண்டும் என்று கேட்டவனுக்கு நான் கொடுத்தது அதுதான். அவன் ரொம்பப் பயந்தான்.

முங்கிப் போவதற்கான விதியை மாமா போட்டுக் கொடுத்தார். தீவட்டி கிடையாது. மூச்சுதான் கணக்கு. தாயக்கட்டையில் எது விழுந்தாலும் அறுபது எண்ணுவதற்குள் காற்றுள்ள இடத்துக்கு வந்துவிட வேண்டும். "எறங்குறப்ப யாரும் சாவுறதில்ல மாப்ள," என்றார். "இன்னொரு சங்கு கெடக்குதேனு கைய நீட்டுறப்பதான்." அதையும் விதியாக எழுதிக்கொண்டேன்: கீழே ஒரு பொருளைக் கண்டு அதை எடுக்க நினைத்தால் பத்து எண்ணிக்கை குறையும்.

*

விளையாட்டு மூன்று ராத்திரி நடந்தது. கிழவிகளிடம் பெரியவன் சண்டைக்குப் போனான், தோற்றான். சின்னவள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சிரட்டையில் தண்ணீர் வாங்கிக் குடித்தாள், அவளை உள்ளே விட்டார்கள். இதை நான் திட்டமிடவில்லை. இறைக்கக் கூடாது, முங்கி மட்டும் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒப்பந்தம். நடு அடுக்கில் கீறல்களைத் தடவிப் பார்த்தார்கள். ஒரு துலா பாதி மண்ணில் புதைந்து கிடந்தது.

மூன்றாவது ராத்திரி கரண்ட் போயிருந்தது. நல்ல கச்சான் காற்று. இறவை எப்படி நின்றது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டிய கட்டம். கலகம் எதுவும் நடக்கவில்லை என்று சொன்னேன். ஒரு நாள் நடுச்சாமத்தில் பாட்டு நின்றது. மேல் அடுக்கு, நடு அடுக்கு, அடி அடுக்கு, மூன்றும் ஒரே நேரத்தில். முகம் பார்க்காதவர்கள் அந்தப் பாட்டுக்குள்ளேயே எண்ணி எண்ணி ஒரு எண்ணில் ஒத்துக்கொண்டிருந்தார்கள். அந்த எண் வந்ததும் எல்லோரும் துலாவை விட்டு இறங்கிவிட்டார்கள். தண்ணீர் ஏற ஆரம்பித்தது. மேலே காவலர்கள் கையில் சாவி. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு கதவு.

"தெறந்தாங்களா?" என்று சின்னவள் கேட்டாள்.

நான் பேசாமல் இருந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கே தெரியாது. பேப்பரில் அந்த இடத்தை இரண்டு விதமாகவும் எழுதி இரண்டையும் அடித்து வைத்திருந்தேன்.

"கட்டைய உருட்டு," என்றேன். "தாயம் விழுந்தா தெறந்தாங்க."

இரண்டு கட்டையையும் உள்ளங்கையில் தேய்த்து, ஊதி, உருட்டினாள். ஒன்று பேப்பர் மேலேயே நின்றது. வெறும் பக்கம். மற்றது சங்கில் மோதித் தெறித்து, தரையில் சறுக்கிக்கொண்டே போய், மாடியின் மழைத்தண்ணீர்க் குழாய்க்குள் விழுந்தது. குழாயில் அது கீழே இறங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் மணலில் விழுந்திருக்க வேண்டும், சத்தமே இல்லை.

இரண்டு பேரும் செல்போன் லைட்டோடு கீழே ஓடினார்கள். மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். குழாய் வாய்க்கடியில் குத்தவைத்து உட்கார்ந்து நாலு கையாலும் மணலைப் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று ஒருவேளை தாயமாக விழுந்திருந்தாலும் தோண்டுகிற தோண்டலில் புரண்டிருக்கும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமா கட்டிலில் படுத்தபடியே குரல் கொடுத்தார்.

"எத்தன அடி தோண்டிருக்கீக?"

"ஒரு முழம் தாத்தா! ஈரம் வந்திருச்சு!"

"கட்ட?"

"இன்னும் காணோம்!"